மன்னிப்புக்கு எத்தனை கிலோமீட்டர்?

கிறிஸ்துமஸ் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, பாலம், தண்டவாளம், பழைய நீராவி எஞ்சின் என்று எதையாவது எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். டிப்ளமோ முடித்த கையோடு தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, 38 ஆண்டுகள் இருப்புப்பாதைப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் வேறு எதை எழுதுவான்? ஆனால் இந்த முறை மன்னிப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அதற்குக் காரணம் ஒரு பத்திரிகைச் செய்தி. 2025 ஏப்ரலில் ஒடிசாவின் கியோஞ்சர் சிறையிலிருந்து மகேந்திர ஹேம்பிரம் என்பவர் நன்னடத்தையின் பேரில் விடுதலையானார். ஏறக்குறைய 25 ஆண்டுகள் உள்ளே இருந்தவர். எந்த வழக்கு என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை. பெரியவர்களிலேயே பலருக்கு மறந்துபோய்விட்டது. எனக்கு மறக்காது. அந்தச் சம்பவம் நடந்தபோது நான் பாலசோரில் இருந்தேன்.

மனோகர்பூர் வழக்கு அது. கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்ற ஆஸ்திரேலியர் 1965ஆம் ஆண்டு, தமது 24ஆம் வயதில், மயூர்பஞ்ச் மாவட்டத்தின் தலைநகரான பாரிபதாவுக்கு வந்தார். அந்த ஊரில் இருந்த ஒரு பேனா நண்பர் மூலமாகத்தான் அவருக்கு அந்த இடமே தெரியவந்தது. அங்கே தொழுநோயாளிகளுக்கான இல்லம் ஒன்று நெடுங்காலமாக நடந்து வந்தது. அதிலே தங்கிவிட்டார். ஒடியா, சந்தாலி, ஹோ ஆகிய மொழிகளைக் கற்றுக்கொண்டு ஊர்க்காரரைப் போலவே பேசினார். கிளாடிஸ் என்ற செவிலியரை 1983ல் மணந்தார். ஒரு மகள், இரண்டு மகன்கள். பிள்ளைகள் படித்தது எங்கே தெரியுமா? நம் ஊட்டியில். விடுமுறைக்குப் பாரிபதா வந்திருந்த மகன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு 1999 ஜனவரியில் கிரஹாம் கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் கிராமத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார். குளிர் அதிகமாக இருந்ததால் இரவு வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டார்கள். ஜனவரி 22ஆம் தேதி நள்ளிரவில் ஒரு கும்பல் வந்து வண்டியைச் சூழ்ந்து தீ வைத்தது. தந்தையும், பத்து வயது பிலிப்பும், ஆறு வயது திமோத்தியும் உள்ளேயே எரிந்துபோனார்கள்.

மதமாற்றம் பற்றிய வாதப்பிரதிவாதங்களுக்குள் நான் போக விரும்பவில்லை. எல்லா மதத்தாரும் கூடிப் பொங்கல் வைக்கும் சங்கத்தின் இதழ் இது. பத்து வயதும் ஆறு வயதும் ஆன பிள்ளைகள் தூக்கத்தில் எரிந்தார்கள் என்பதில் வாதம் எதுவும் இல்லை.

பாரிபதா எனக்குப் பழக்கமான ஊர். ரூப்சா சந்திப்பில் பிரிந்து பாரிபதா வழியாகப் பாங்கிரிபோசி வரை போகும் அந்தப் பாதை, மயூர்பஞ்ச் மகாராஜா காலத்தில் போட்ட குறுகிய பாதை. பிறகு படிப்படியாக அகலப்பாதை ஆனது. வேலை நிமித்தம் அந்தப் பக்கம் போய் வருவேன். ஸ்டெயின்ஸ் குடும்பத்தை நான் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் 'சாகேப்' என்று அவரைப் பற்றி எங்கள் கேங்மேன்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சம்பவம் நடந்த மறுநாள் அவர்களில் இரண்டு பேர் வேலைக்கே வரவில்லை.

அடுத்த சில நாட்களில் இன்னொரு செய்தி வந்தது. கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்த கிளாடிஸ் அம்மையார், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். பதிமூன்று வயது மகள் எஸ்தரிடம் அவர் முதலில் சொன்னதும் அதுதானாம். மகளும் சரி என்றாளாம். அடக்க ஆராதனையில் தாயும் மகளுமாக நின்று பாடினார்கள். நாடு முழுவதும் அதைக் கண்டு வியந்தது. எங்கள் சபையில் அதை வைத்துப் பிரசங்கம் செய்தார்கள்.

எனக்கு அந்தச் செய்தி பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய், ஓய்வுநாள் பள்ளியில் மன்னிப்பைப் பற்றி வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான். இருந்தும் அந்தப் பத்திரிகையை மடித்துத் தூர வைத்துவிட்டேன். அதற்கு இரண்டு ஆண்டு முந்தைய கதை ஒன்றைச் சொன்னால்தான் ஏன் என்பது விளங்கும்.

எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமம். என் தம்பி அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தான். 1997 ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு, ஜெபக்கூட்டம் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பியவனை உப்பு ஏற்றிப் போன லாரி ஒன்று அடித்துப் போட்டது. டிரைவர் குடித்திருந்தார். அதுகூடப் பெரிதில்லை. அவர் வண்டியை நிறுத்தவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தம்பி ரோட்டோரத்தில் கிடந்திருக்கிறான். கடைசி பஸ்ஸின் கண்டக்டர் பார்த்து, பஸ்ஸிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாக்கியம் எனக்குள் இறங்கிவிட்டது.

தந்தி எனக்குக் கிடைத்தது மறுநாள் மாலை. கோரமண்டல் எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை, அங்கிருந்து பஸ் என்று இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நம்மில் எத்தனையோ பேர் இந்தப் பயணத்தைச் செய்திருக்கிறோம்; ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மணி பார்த்துக்கொண்டு, நமக்காகக் காத்திருப்பார்களா, எடுத்துவிடுவார்களா என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகும் பயணம். நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்ணைத்தான் பார்த்தேன். தம்பிக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு கைக்குழந்தை.

டிரைவர் மூன்றாம் நாள் போலீசில் சரணடைந்தார். வழக்கு நடந்தது, சிறைத் தண்டனையும் கிடைத்தது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தம்பி மனைவிக்கு ஒரு தொகையும், நீண்ட இழுபறிக்குப் பிறகு, வந்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வழக்கு முடிவதற்கு வெகுமுன்பே, ஜாமீனில் வந்த அந்த மனிதர் ஒரு நாள் தம் மனைவியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். அம்மா எனக்கு எழுதிய இன்லண்டு கடிதத்திலிருந்துதான் அது தெரிந்தது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பேசுவது போலவேதான் எழுதுவாள்.

"எய்யா, அவன் வந்து வாசல்ல நிக்கான். கூட அவன் பெஞ்சாதியும் நிக்கா. ரெண்டு பேரும் அழுதாவ. நான் என்னத்தச் சொல்ல. உள்ள கூப்பிட்டு காப்பி குடுத்தேன். நீ கோவப்படாத. ஆண்டவர் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தார்."

நான் அந்தக் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. பெற்ற பிள்ளையை நடுரோட்டில் சாகவிட்டுப் போனவனுக்குக் கருப்பட்டிக் காப்பியா என்று ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். இந்தப் புண் ஆறாமல் இருந்த நேரத்தில்தான் பாரிபதாவிலிருந்து மன்னிப்புச் செய்தி வந்தது. இந்தக் கிறிஸ்தவப் பெண்பிள்ளைகளுக்கு நெஞ்சில் ரத்தம் ஓடுகிறதா, ஜெபப்புத்தகம்தான் ஓடுகிறதா என்று எரிச்சலாக இருந்தது.

என் மனம் மாறியது பிரசங்கம் கேட்டல்ல. கிளாடிஸ் அம்மையார் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதைப் பக்கத்து ஊரில் இருந்து பார்த்ததால்தான். எல்லோரும் அவர் மகளை அழைத்துக்கொண்டு ஆஸ்திரேலியா போய்விடுவார் என்று நினைத்தார்கள். போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் போகவில்லை. அதே பாரிபதாவில், அதே தொழுநோய் இல்லத்தில், கணவர் செய்த வேலையைத் தாமே ஏற்று நடத்தினார். ஐந்து ஆண்டுகள். கிரஹாம் பெயரால் ஒரு மருத்துவமனை 2004ல் அங்கே வந்தது. அதன் பிறகே அவர் ஊர் திரும்பினார். 2005ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. பத்திரிகைகள் 'மன்னித்தார்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டன. அந்த வார்த்தைக்குப் பின்னால் ஐந்து ஆண்டுக் காலம் காலையில் எழுந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை இருந்தது. கடைக்குப் போனால், தெருவில் நடந்தால், எதிரே வருபவர்கள் யார், என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாத ஊரில் அது நடந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். மன்னித்தேன் என்று சொன்ன அவர் வழக்கை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. நீதிபதி வாத்வா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது; சி.பி.ஐ. விசாரித்தது, 2003 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்குத் தூக்கும், மற்றப் பன்னிரண்டு பேருக்கு ஆயுளும் விதித்தது. 2005ல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, ஹேம்பிரமின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்து, பதினொரு பேரை விடுதலை செய்தது. 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. 2003 தீர்ப்பு வந்த சமயத்தில் அம்மையார் சொன்ன கருத்து இதுதான்: தாம் மன்னித்தது வேறு, குற்றத்துக்கு உரிய விளைவு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். இரட்டைப் பாதை என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடும். ஆனால் ஒன்றின் சிக்னல் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

புரிந்ததே தவிர, எனக்கு மன்னிக்க வரவில்லை.

சபையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, நாம் பிறரை மன்னிப்பதையும் நாம் மன்னிப்புக் கேட்பதையும் ஒன்றாக முடிச்சுப் போடும் வேண்டுதல் ஒன்று வரும். மற்ற மதத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த இந்தச் சிறு ஜெபத்தை எங்கள் வீட்டுக் குழந்தைகள் பேசத் தொடங்கும்போதே கற்றுக்கொள்கின்றன, தூக்கத்தில்கூடச் சொல்லிவிடலாம். அந்த வேண்டுதல் வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. பக்கத்தில் நிற்கும் என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் ஒன்றும் சொன்னதில்லை.

மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ் ஆராதனைக்கு அந்நாட்களில் ஒரு வயதான ஐயர் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அவரிடம் இதைச் சொன்னேன். மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர், "109ஆம் சங்கீதத்தை வாசித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். எதிரியைச் சபிக்கும் சங்கீதம் அது. அவன் மனைவி விதவையாக வேண்டும், பிள்ளைகள் அலைய வேண்டும் என்கிற அளவுக்குப் போகிறது. வேதப்புத்தகத்தில் இப்படி ஒன்று இருப்பதை அதுவரை நான் ஊன்றிப் பார்த்ததில்லை. அடுத்த முறை ஐயரிடம் கேட்டபோது, "கோபத்தை அந்த டிரைவரிடம் காட்டினால் பாவம். உங்களுக்குள்ளேயே வைத்தால் நோய். ஆண்டவரிடம் கொட்டினால் அது ஜெபம். அவருக்குத் தாங்கும்" என்றார். அன்றிலிருந்து ஓர் ஆறு மாதம் என் ஜெபமெல்லாம் வசவுதான்.

இங்கே தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். தண்டவாளங்களை இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று பற்றவைத்துக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாக ஆக்குகிறோம். வெயிலில் அது நீளப் பார்க்கும். நீள இடமில்லாததால் உள்ளுக்குள் இறுக்கம் ஏறும். பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். ஒரு நாள் கொளுத்தும் வெயிலில் பாம்பு போல் வளைந்துவிடும், வண்டி கவிழும். அதற்கு முன்பே அந்த இறுக்கத்தை எடுக்க வேண்டும். எப்படி? சம்மட்டியால் அடித்து நேராக்குவதில்லை. பிடிப்புகளைக் கழற்றி, தண்டவாளத்தை உருளைகளின் மேல் தூக்கி வைத்து, அதன் போக்கில் அசையவிட்டு, சரியான வெப்பநிலையில் மறுபடி பூட்டுவோம். ஐயர் எனக்குச் செய்தது அதைத்தான் என்று பிற்பாடு தோன்றியது.

இருந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. ஏன் என்று யோசித்தபோது ஒரு விஷயம் தட்டுப்பட்டது. நம்மைப் போல் வெளியூரில் வாழ்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அம்மா ஊரில் இருந்தாள். அந்த டிரைவரின் மனைவியை ரேஷன் கடை வரிசையில் பார்த்தாள். அவர் சிறைக்குப் போன பிறகு அந்தப் பெண் கூலி வேலைக்குப் போவதைப் பார்த்தாள். அவர்கள் பிள்ளை யூனிபாரம் கிழிந்து பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தாள். எனக்கோ அந்த மனிதரின் முகமே தெரியாது. லாரியின் நம்பர் மட்டும் தெரியும், இன்றும் சொல்லுவேன். முகம் இருக்கும் கோபம் என்றைக்காவது ஒரு நாள் அந்த முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தளரும். முகம் இல்லாத கோபம் வளர்ந்துகொண்டேதான் போகும். சொத்துத் தகராறு, கல்யாணத்தில் வந்த மனத்தாங்கல், தாய் தகப்பனை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற வழக்கு என்று நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் ஊரை விட்டு வரும்போது மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்த பகைகளை எனக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்கள் சண்டை போட்டு, கோயில் கொடையில் கூடி, துக்க வீட்டில் பேசி, எப்படியோ சரிசெய்துகொண்டுவிட்டார்கள். நாம்தான் இருபது வருடத்துக்கு முந்தைய பகையை அதே சூட்டோடு வைத்திருக்கிறோம், பெட்டியில் பட்டுப்புடவையைப் பத்திரப்படுத்துவது போல.

மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு சம்பவம் இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. கேரளாவில் பெரும்பாவூருக்குப் பக்கத்துப் புல்லுவழியைச் சேர்ந்த ராணி மரியா என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி, உதய்நகர் பகுதியில் ஆதிவாசி விவசாயிகளை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்கும் வேலை செய்துவந்தார். அது பிடிக்காதவர்கள் சமுந்தர் சிங் என்ற இளைஞரை ஏவிவிட்டார்கள். 1995 பிப்ரவரி 25ஆம் தேதி ஓடும் பஸ்ஸில், பயணிகள் கண்ணெதிரே, அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். ஐம்பதுக்கு மேற்பட்ட காயங்கள். சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை. சிறையில் அவர் பழிவாங்கும் எண்ணத்தோடுதான் இருந்தாராம், தம்மை ஏவிவிட்டுக் கைகழுவியவர்கள் மேல். சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட ஒரு கத்தோலிக்கத் துறவி சிறைக்குப் போய்ப் போய்ப் பேசி அவரை இளக்கினார். பிறகு 2002ல் ரக்ஷாபந்தன் சமயத்தில், ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை செல்மி பால், அவரும் கன்னியாஸ்திரிதான், இந்தூர் சிறைக்கே போய்ச் சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். அக்காவைக் குத்திய கை. அந்தக் குடும்பமே பரிந்து மனு எழுதியதன் பேரில் 2006ல் அவர் விடுதலையானார். ராணி மரியாவின் தாயார் அவருடைய கைகளைப் பிடித்து முத்தமிட்டார். 2017 நவம்பரில் இந்தூரில் ராணி மரியாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை முக்திப்பேறு பட்டம் கொடுத்தது.

ராக்கி கட்டியதைப் பெரிய அற்புதமாக எல்லோரும் பேசுகிறார்கள். அற்புதம்தான். ஆனால் என் கண்ணுக்குப் பட்டது வேறு. அந்தத் தங்கை தாம் இருந்த இடத்தில் உட்கார்ந்தபடியே மன்னிக்கவில்லை. சிறை வாசலுக்கு நடந்து போனார். கிளாடிஸ் அம்மையார் பாரிபதாவிலேயே இருந்தார். என் அம்மா வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டாள். மூன்று பேருமே தூரத்தைக் குறைத்தவர்கள். கிறிஸ்தவ விசுவாசத்தின் மையமே அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதன் தன்னிடம் ஏறி வரட்டும் என்று கடவுள் காத்திருக்கவில்லை, தாமே மாட்டுத் தொழுவம் வரை இறங்கி வந்தார் என்றுதானே கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறோம்.

2006ல் அம்மா இறந்தாள். இந்த முறை முகம் பார்க்க முடிந்தது. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் ஒல்லியான ஒருவர் பெஞ்சு தூக்கிப் போடுவதும், வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதும், கல்லறையில் மண் தள்ளுவதுமாக ஓடிக்கொண்டிருந்தார். என் பக்கம் மட்டும் வரவே இல்லை. யார் என்று சித்தப்பா மகனிடம் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த டிரைவர்தான் அண்ணே" என்றான். இப்போது லாரி ஓட்டுவதில்லை, பஜாரில் டீக்கடை வைத்திருக்கிறார் என்றான். அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாளாம்.

மூன்றாம் நாள் காலையில் அவர் வீட்டுக்கு நடந்து போனேன். எங்கள் வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் இருக்கும். தூரத்தைக் கணக்குப் பார்ப்பது தொழில் புத்தி. அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்று நார்க்கட்டிலைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை.

வெகுநேரம் இருவரும் பேசவில்லை. கடைசியில் அவர்தான் சொன்னார்.

"நான் நிறுத்தியிருக்கணும் அண்ணாச்சி."

"ஆமா. நிறுத்தியிருக்கணும்" என்றேன்.

அதற்கு மேல் அந்த விஷயத்தில் பேச்சில்லை. அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்டேன். பத்தாம் வகுப்பு என்றார்கள். புறப்பட்டு வந்துவிட்டேன். மன்னித்தேன் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஊர்க் கோயிலில் பரமண்டல ஜெபம் சொன்னபோது எல்லா வரியையும் சொன்னேன். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதினால் பொய். கோபம் மறுபடியும் வந்தது. தம்பியின் பிறந்தநாளில் வரும். உப்பு லாரியைப் பார்த்தால் வரும். எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறை போதுமா என்று பேதுரு கேட்டதற்கு இயேசு அதை எழுபதால் பெருக்கிச் சொன்னதாக வேதத்தில் இருக்கிறது. ஒருவன் 490 தடவை குற்றம் செய்வானா என்று சிறுவயதில் நினைத்ததுண்டு. இப்போது எனக்குத் தோன்றுவது, ஒரே ஒரு குற்றத்தையே 490 தடவை மன்னிக்க வேண்டியிருக்கும் என்பதுதான். தண்டவாளத்தை ஒரு முறை சரிசெய்துவிட்டுப் போய்விட முடியாது. கீமேன் தினமும் நடந்து பார்த்தாக வேண்டும். ஆனால் ஒன்று. 1997க்குப் பிறகு பல ஆண்டுகள் எனக்கிருந்த தூக்கமின்மையும், காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதும் மெல்ல மெல்லக் குறைந்தன. தம்பியைப் பற்றி நினைத்தால் அந்த ரோட்டோரம் மட்டுமே வந்துகொண்டிருந்தது போய், அவன் சிரிப்பதும், என் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு போனதும் ஞாபகம் வர ஆரம்பித்தது. தம்பியே எனக்குத் திரும்பக் கிடைத்தது போல் இருந்தது.

ஒரு விஷயத்தில் என் கருத்தைக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். மன்னிப்பு என்பதை எங்கள் சபைகளிலேயே தவறாகப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போ, மன்னிப்பதுதான் கிறிஸ்தவம் என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இது அநியாயம். பக்கத்தில் போவது என்று நான் இவ்வளவு நேரம் எழுதியது, அடி விழும் இடத்தில் போய் நிற்பதை அல்ல. கிளாடிஸ் அம்மையாரிடம் போய் யாரும் மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது அவமானம். மன்னிக்கும் உரிமை அடிபட்டவருக்கு மட்டுமே உண்டு. எப்போது, எவ்வளவு என்பதும் அவர் கையில்தான். மற்றவர்கள் செய்யக்கூடியது, அந்த ஐயர் எனக்குச் செய்தது போல, பக்கத்தில் உட்கார்ந்து வசவையும் சேர்த்துக் கேட்பதுதான்.

என் தம்பி மனைவியின் விஷயமும் அப்படித்தான். அவள் மகளைத் தனியாளாக வளர்த்து, படிக்கவைத்து, 2021ல் கல்யாணமும் செய்துகொடுத்தாள். அந்த டீக்கடை பஜாருக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. அவள் இன்றும் சுற்றுவழியாகத்தான் பஜாருக்குப் போகிறாள். டிரைவருக்கும் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் கடையை அடைத்து வைத்துவிடுகிறார். மாமியார் மன்னித்தாள், கணவனின் அண்ணன் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தான் என்பதற்காக அவளும் மன்னிக்க வேண்டும் என்று வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை. போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அவளோடு பஜாருக்குப் போக வேண்டியிருந்தது. நானும் அவளோடு சுற்றுவழியிலேயே போய் வந்தேன்.